உசிக் ஓடுகிறாரா?

அன்புள்ள சார்,

ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர் டைசன் ஃப்யூரியுடன் ஆடிய இரண்டு சண்டைகளையும் பார்த்த பிறகு உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக்கின் மேல் பைத்தியமாகிவிட்டேன். ஆனால் என்னுடன் ஜிம்முக்கு வரும் நண்பர்கள் ஒத்துக்கொள்வதில்லை. ‘ஓடி ஓடிப் புள்ளி சேர்க்கிற ஆள், கையில் பலம் கிடையாது’ என்கிறார்கள். க்ரூஸர்வெயிட்டில் அவர் வாங்கிய பட்டங்களைச் சொன்னால், அந்தப் பிரிவையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று கேட்கிறார்கள். அந்த வருடங்களைப் பற்றி நீங்கள் எழுத வேண்டும்.

ர.

அன்புள்ள ர.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். க்ரூஸர்வெயிட் என்பது 200 பவுண்டுக்கு, அதாவது 90.7 கிலோவுக்கு உட்பட்டவர்களின் பிரிவு. ஹெவிவெயிட்டுக்கு ஒரு படி கீழே. பணமும் பேச்சும் மேல் படிக்குப் போய்விடுவதால் இதை யாரும் கண்டுகொள்வதில்லை, அது உண்மைதான். ஆனால் ஹெவிவெயிட் சாம்பியன் எவாண்டர் ஹோலிஃபீல்ட் இங்கிருந்துதான் மேலே போனார். 1986இல் அட்லாண்டாவில் ட்வைட் முகமது காவியுடன் 15 ரவுண்டு மோதி அவர் முதல் உலகப் பட்டம் வாங்கியது தன்னுடைய 12ஆவது தொழில்முறைச் சண்டையில். உசிக் அதை 10ஆவது சண்டையிலேயே வாங்கிவிட்டார்.

எங்கே வாங்கினார் என்பதையும் உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள். 2016 செப்டம்பரில் போலந்தின் க்டான்ஸ்க் நகரம். எதிரே அதுவரை தோல்வியே காணாத போலந்துக்காரர் க்வோவாட்ஸ்கி. அடுத்த வருடம் பெர்லினில், ஜெர்மனியின் மார்கோ ஹுக். 2018 ஜனவரியில் ரிகாவில், லாட்வியாவின் மைரிஸ் ப்ரீடிஸ். ஜூலையில் மாஸ்கோவில், ரஷ்யாவின் முராத் காசியேவ். நவம்பரில் மான்செஸ்டரில், இங்கிலாந்தின் டோனி பெல்யூ. ஒவ்வொரு முறையும் எதிராளியின் நாடு, எதிராளிக்காகக் கத்துகிற கூட்டம். புள்ளி வித்தியாசம் குறைவாக இருந்தால் நடுவர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று தெரியாத இடங்களில் ஒருவர் திரும்பத் திரும்பப் போய் நின்றிருக்கிறார் என்றால், அவரை ஓடுகிறவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

சரி, அந்த ஓட்டத்துக்கு வருவோம். உசிக் இடக்கை ஆட்டக்காரர், வலது காலும் வலது கையும் முன்னால் இருக்கும். எதிரே இருப்பவருக்கு இடது கால் முன்னால். அதனால் இருவருடைய முன்கால்களும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டே இருக்கும். உசிக் தன் வலது காலை எதிராளியின் இடது காலுக்கு வெளிப்பக்கமாகக் கொண்டுபோய் வைக்கப் பார்க்கிறார். அது கிடைத்துவிட்டால் அவருடைய இடது நேர்க்குத்துக்கு வழி திறந்துவிடும், எதிராளியின் வலது கையோ அவரைத் தேடிச் சுற்றி வர வேண்டும். இதை மற்ற இடக்கைக்காரர்களும் செய்வார்கள். உசிக் இதை ரவுண்டு முழுக்க, சின்னச் சின்ன அடிகளாக, நிறுத்தாமல் செய்கிறார். கூடவே முன்கை சும்மா இருக்காது. எதிராளியின் கையுறையைத் தட்டும், நெற்றியைத் தொடும், பாதியில் நின்றுவிடும். பார்க்கப் பலமில்லாத குத்துகள்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் எதிராளி கையை உயர்த்த வேண்டும், திரும்ப வேண்டும், காலை ஊன்ற வேண்டும். காலை ஊன்றினால்தானே பலமாக அடிக்க முடியும்? அவர் ஊன்றுவதற்குள் உசிக் அந்த இடத்தில் இருக்க மாட்டார். பின்னால் போவதுதான் ஓடுவது. இவர் பெரும்பாலும் பக்கவாட்டில் நகர்ந்து முன்னால் வருகிறார். 15 வயது வரை சிம்ஃபெரோபோலில் கால்பந்து ஆடியவர் என்பதற்கும் இந்தக் கால்களுக்கும் தொடர்பு உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன்.

காசியேவுடனான சண்டையை நான் இந்தப் பிரிவின் உச்சம் என்பேன். காசியேவ் விலாவுக்குக் கீழே இடது கையால் அடித்து ஆட்களை மடக்குகிறவர், அதற்கு ஐந்து மாதம் முன்பு கியூபாவின் டோர்டிகோஸைக் கடைசி ரவுண்டில் நாக் அவுட் செய்தவர். உலகப் பட்டம் தரும் நான்கு அமைப்புகளின் பெல்ட்டுகளில் இருவரிடமும் ஆளுக்கு இரண்டு. உசிக் பிறந்த கிரிமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்டு நான்கு வருடம் ஆகியிருந்தது, சண்டை மாஸ்கோவின் ஒலிம்பிய்ஸ்கி அரங்கில். அந்தப் பெரிய குத்துக்காரர் 12 ரவுண்டும் அடிக்க இடம் தேடிக்கொண்டே இருந்தார். ஒரு நடுவர் 120-108 போட்டார், அதாவது 12 ரவுண்டும் உசிக்குக்கே. மற்ற இருவரும் 119-109. நான்கு பெல்ட்டுகளையும் ஒன்றாக வைத்திருந்த முதல் க்ரூஸர்வெயிட் உசிக்தான். உக்ரைனின் தேசிய கீதம் அன்று மாஸ்கோவில் ஒலித்தது. இதை எழுதும்போதும் எனக்குச் சிலிர்க்கிறது.

கையில் பலம் இல்லை என்கிறார்களா? முதல் ஒன்பது சண்டைகளும் நாக் அவுட்டில் முடிந்தவை. பெல்யூ வரையிலான 16இல் 12. ஆனால் அவை ஒரே அடியில் சாய்த்தவை அல்ல, அதனால்தான் உங்கள் நண்பர்கள் கண்ணில் படுவதில்லை. பெல்யூவுடன் ஏழு ரவுண்டு முடிந்தபோது இரண்டு நடுவர்கள் பெல்யூவைத்தான் முன்னால் வைத்திருந்தார்கள், மூன்றாமவர் சமம் போட்டிருந்தார். பெல்யூ புத்திசாலித்தனமாகத்தான் ஆடினார், பின்வாங்கி உசிக்கை வரவழைத்து அடித்தார். ஆனால் அத்தனை நேரமும் உசிக்கின் கால்கள் அவரைத் திரும்ப வைத்துக்கொண்டே இருந்தன. எட்டாவது ரவுண்டில் பெல்யூவின் கால் கனத்துவிட்டது, கயிற்றோரம் ஒரு இடது குத்து, முடிந்தது.

நீங்கள் பார்க்க ஆரம்பிப்பதானால் ப்ரீடிஸ் சண்டையிலிருந்து ஆரம்பியுங்கள். அதில் உசிக் நிறைய அடி வாங்குகிறார், முதல் பாதியில் ப்ரீடிஸின் வலது கை நன்றாகவே விழுகிறது. இரண்டு நடுவர்கள் 115-113 என்று உசிக்குக்குக் கொடுத்தார்கள், ஒருவர் 114-114. அப்புறம் காசியேவ் சண்டையை ஒருமுறை முழுதாகப் பாருங்கள். இரண்டாவது முறை முகங்களை விட்டுவிட்டு இருவருடைய முன்கால்களை மட்டும் பாருங்கள். நண்பர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.