கண்ணாடியோடு சண்டைபிடிக்கும் பாட்டுக்காரன்

வளவும் வனமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நாங்கள் இருப்பது ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட. மாசி பிறந்ததிலிருந்து விடியுமுன்பே ஒரு குருவி கிணற்றடி முருங்கையில் இருந்து விசிலடிக்கிறது. உடம்பு கறுப்பு, வயிறு வெள்ளை. இவர் கரிக்குருவி என்கிறார், மாமி இல்லை என்கிறா. இப்போது புதுக் கூத்து ஒன்று. இவருடைய மோட்டார் சைக்கிள் கண்ணாடியைக் கொத்திக் கொத்தி, எச்சமும் போட்டு வைக்கிறது. இது என்ன குருவி? ஏன் இப்படிச் செய்கிறது?

பதில்: தங்கச்சி, மாமி சொன்னதுதான் சரி. இது கரிக்குருவி அல்ல, குண்டுக்கரிச்சான். வீட்டுக்காரருக்குப் பக்குவமாகச் சொல்லுங்கள். அவர் சொன்னதும் காரணமில்லாத கதை அல்ல. கறுப்பு முதுகும் வெள்ளை வயிறுமாக ஒரு கரிக்குருவியும் எங்கள் வன்னிக் காட்டோரங்களில் உண்டு. அதுவும் இருட்டோடு எழும்பிக் கத்துகிற சாதிதான். ஆகவே வயிற்றைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. செட்டையையும் வாலையும் பாருங்கள்.

கரிக்குருவியின் செட்டையில் பொட்டு வெள்ளையும் இராது. வால் நீண்டு நுனியில் இரண்டாகப் பிரிந்திருக்கும், கண் சிவப்பு. கம்பியிலோ பட்ட கொப்பிலோ இருந்துகொண்டு, பறக்கிற பூச்சியைப் பாய்ந்து பிடித்துவிட்டு இருந்த இடத்துக்கே திரும்பும். உங்கள் முருங்கைக்காரனுக்குத் தோளிலிருந்து செட்டை நீளத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை ஓடும். வால் பிரியாது; நடு இறகுகள் கறுப்பு, ஓரத்து இறகுகள் வெள்ளை. இரை தேட நிலத்துக்கு இறங்குவான். நாலு தத்துத் தத்தி நின்று வாலைச் சடக்கென்று நிமிர்த்துவான். அந்த வாலை ஒருதரம் பார்த்துவிட்டால் பிறகு புத்தகம் தேவையில்லை. புத்தகத்தில் தேடினாலும் குண்டுக்கரிச்சான் என்றுதான் இருக்கும். கொண்டைக்குருவியின் அளவுதான், பத்தொன்பது சென்ரிமீற்றர் மட்டில்.

வாலை நிமிர்த்துகிற இன்னொரு குருவியும் வெட்டை வெளிகளிலும் பற்றைகளிலும் திரியும், கருஞ்சிட்டு. அது சின்னது, வயிறும் கறுப்பு, வாலின் கீழே செங்கல் நிறம். அதோடு குழப்ப வேண்டாம்.

சோடியில் எது ஆண் எது பெண் என்று கேட்டால்தான் கொஞ்சம் கஷ்டம். ஆணின் தலையும் நெஞ்சும் நீலம் மினுங்கும் கறுப்பு. பெண்ணின் கறுப்பில் சாம்பல் கலந்திருக்கும். வட இந்தியாவில் பெண் நன்றாக வெளிறியிருப்பதால் தூரத்திலேயே தெரியும். இலங்கைப் பெண் நிறத்தில் ஆணை நெருங்கிவிடுவாள். நெஞ்சில் வெயில் படும்போது பார்க்க வேண்டும்.

இனிப் பாட்டுக்கு வருவோம். இனப்பெருக்க காலத்தில் ஆண் தனக்கென்று ஒரு எல்லை பிடித்து வைத்திருப்பான். முருங்கை உச்சியில் நின்று பாடுவதெல்லாம் அந்த எல்லைக்குள் வேறு ஆண் கால் வைக்காதே என்பதற்கும், பெண்ணுக்குத் தான் இருக்கிறேன் என்று அறிவிப்பதற்கும்தான். எங்கள் ஆட்கள் வேலிச் சண்டையில் போடுகிற சத்தத்தை அவன் இராகத்தோடு போடுகிறான், அவ்வளவுதான். விடியுமுன் பாடுவதற்கு நியாயம் உண்டு. அந்நேரம் காற்று அடங்கியிருக்கும், சத்தம் தூரம் போகும். பூச்சி பிடிக்க வெளிச்சமும் போதாது, வேறு வேலையும் இல்லை. கொஞ்சம் உற்றுக் கேளுங்கள். ஒரு விசில் அடியை இரண்டு மூன்று தரம் சொல்லி, பிறகு அதன் வாலை மாற்றிப் போடுவான். இடையில் வேறு பறவைகளின் குரலையும் களவெடுத்துச் செருகுவான். பெண்ணும் சில நேரம் ஆணுக்குப் பக்கத்தில் இருந்து சுருக்கமாகப் பாடும். மாரி தொடங்கிவிட்டால் கச்சேரி ஓய்ந்துவிடும். குருவி வளவில்தான் நிற்கும், நீங்கள்தான் கவனிக்க மாட்டீர்கள்.

பாட்டைத் தவிர இன்னொரு சத்தமும் உண்டு, பழைய துணியைக் கிழிப்பதுபோல் கரகரப்பானது. அது கேட்டால் எட்டிப் பாருங்கள். பூனையோ கீரியோ சாரைப்பாம்போ கூட்டுப் பக்கம் வந்திருக்கும். கோழிக் குஞ்சு வளர்ப்பவர்களுக்கு இது சும்மா கிடைக்கிற காவல்.

கண்ணாடி விஷயமும் எல்லைச் சண்டைதான். கண்ணாடிக்குள் தெரிகிறவன் அவனுக்கு அடுத்த வளவுக்காரன். இவன் கொத்த அவனும் கொத்துகிறான், இவன் செட்டையை விரிக்க அவனும் விரிக்கிறான், தோற்று ஓடுகிற பாடில்லை. சண்டை எப்படி முடியும்? மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும் இரண்டு கண்ணாடிக்கும் ஒவ்வொரு சொப்பிங் பையை மாட்டி நூலால் கட்டிவிடச் சொல்லுங்கள். பழைய காலுறையும் போதும். கலைத்துத் திரிவது வீண் வேலை, நீங்கள் உள்ளே போனதும் திரும்பி வருவான். யன்னல் கண்ணாடி என்றால் வெளிப்பக்கமாகத் துணி தொங்கவிட வேண்டும். உள்ளே திரை போட்டால் உருவம் இன்னும் துலக்கமாகத் தெரியும்.

கேள்வி: மாஸ்ரர், நான் கிளிநொச்சியில் ஏழாம் வகுப்பு. எங்கள் வீட்டு வாழையடியில் வாலில்லாத குஞ்சு ஒன்று இருக்கிறது. முதுகெல்லாம் மண்ணிறப் புள்ளி. பெரிய கறுப்பு வெள்ளைக் குருவி வந்து அதற்குத் தீத்துகிறது. பிடித்துக் கூண்டில் வளர்த்தால் பாடுமா? கை பட்டால் தாய் சேர்க்காதாமே?

பதில்: தம்பி, அதுவும் குண்டுக்கரிச்சான் குஞ்சுதான், அநாதை அல்ல. தாய் தகப்பன் தீத்துவதை நீயே பார்த்திருக்கிறாய். பறக்கப் பழகுமுன்பே கூட்டை விட்டு இறங்குவது இவற்றின் வழக்கம். பூனையைக் கட்டுப்படுத்து. நடைபாதையில் இருந்தால் தூக்கிப் பக்கத்துச் செடிக்குள் விட்டுவிட்டு விலகிப் போ. மனித வாடைக்குத் தாய் கைவிடும் என்பது வெறும் கதை. கூண்டு என்ற பேச்சே வேண்டாம். காட்டுப் பறவையைப் பிடித்து அடைப்பது எங்கள் நாட்டில் குற்றம், 1937ஆம் ஆண்டிலிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது. வங்கதேசத்தில் இதைத் தேசியப் பறவையாக்கி இரண்டு டாக்காப் பணத்தாளில் படமும் போட்டார்கள். சிங்கப்பூரில் ஒரு காலம் தோட்டந்தோறும் பாடிய இதே குருவி அருகிப்போனதற்கு, பாட்டுக்காகப் பிடித்து அடைத்தது ஒரு பெரிய காரணம். உனக்குப் பாட்டு வேண்டுமென்றால் விடிய எழும்பு, இலவசம்.

கேள்வி: ஐயா, நெடுங்கேணிப் பக்கம் எங்கள் காணியில் ஷெல்லில் தலை போன பனை ஒன்று நிற்கிறது. மதில் கட்ட அதை விழுத்த வேண்டும். இப்போது பார்த்தால் அதிலுள்ள பொந்துக்குள் கறுப்பு வெள்ளைக் குருவிச் சோடி போய் வருகிறது. மேசன் அடுத்த கிழமை வருவார். என்ன செய்யலாம்?

பதில்: மேசனை மறு மூலையில் தொடங்கச் சொல்லுங்கள். இதுவும் குண்டுக்கரிச்சான்தான், கொப்பில் கூடு பின்னாது. அதற்குப் பொந்து வேண்டும், இல்லாவிட்டால் சுவரில் ஒரு இடுக்கு, ஓட்டைக் குழாய், பாவிக்காத தபால் பெட்டி. வளவைத் துப்புரவாக்குகிறோம் என்று பட்ட மரத்தையும் பழஞ்சுவரையும் இடித்துத் தள்ளுகிற ஊர்களில் இது எங்கே போய்க் குடியிருக்கும்? தலை போன பனைகளைப் பார்க்க மனம் பொறுக்காது, எனக்கும் அப்படித்தான். ஆனால் கிளியும் மைனாவும் இதுவும் அவற்றில் பொந்து பிடித்துப் பெருகியிருக்கின்றன. பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எவ்வளவு நாள் பொறுப்பது என்பதை ஏணி வைத்து எட்டிப் பார்க்காமலே கணிக்கலாம். பெண் புல்லும் வேரும் கொண்டுபோனால் கூடு வைக்கிறது. கூடு வைப்பதும் அடைகாப்பதும் பெண்ணின் வேலை; ஆண் காவல். பெண் பொந்துக்குள் போய் நெடுநேரம் வெளியே வராவிட்டால் அடையில் இருக்கிறது. நாலு அல்லது ஐந்து முட்டை, பச்சை கலந்த வெளிர் நீலத்தில் மண்ணிறத் தெளிப்பு. இரண்டு கிழமைக்குள் பொரித்துவிடும். வாயில் பூச்சியும் புழுவுமாக அடிக்கடி போய் வந்தால் உள்ளே குஞ்சு, இன்னும் இரண்டு கிழமைக்குக் கிட்ட. ஆக, அடையில் இருப்பதாகத் தெரிந்தால் ஒரு மாதம் விடுங்கள். குஞ்சு இறங்கிய கையோடு விழுத்தினால் நல்லது. சுணங்கினால் அதே பொந்தில் மறுபடியும் முட்டை இடக்கூடும்.

பனை உக்கி, வீட்டுப் பக்கம் சாய்ந்து நின்றால் மட்டும் யோசிக்காமல் விழுத்துங்கள், ஆளுக்குப் பிறகுதான் குருவி. விழுத்தும்போது பொந்து உள்ள துண்டை ஒரு முழ நீளத்துக்கு அறுத்து எடுத்து, மேல்வாயைத் தகரத்தால் மூடி, வேம்பிலோ புது மதிலிலோ ஏழெட்டு அடி உயரத்தில் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். வாசல் மேற்கு வெயிலுக்கு முகம் கொடுக்கக் கூடாது. வாசல் இரண்டரை அங்குலத்துக்கு மேல் அகன்றிருந்தால் மைனா பிடித்துக்கொள்ளும், பலகைத் துண்டு அடித்துச் சிறிதாக்குங்கள்.