விகிதக் கணக்கில் குறுக்குவழி ஏன் சறுக்குகிறது?

கேள்வி: அக்கா, தம்பி இருவரின் சேமிப்பு 3:5 என்ற விகிதத்தில் உள்ளது, தலா 600 ரூபா கொடுத்ததும் 5:7 ஆகிறது. தொடக்கத் தொகைகள் எவை? பத்தாம் ஆண்டில் படிக்கும் என் மகள் ரியூசனில் படித்த குறுக்குவழியால் இதைச் சரியாகச் செய்தாள். அடுத்த கணக்கில் புதிய விகிதம் 3:4 என்று மட்டும் மாற, அந்த வழி கைவிட்டுவிட்டது. விசேட வகுப்பில் சேர்க்க வேண்டுமா?
- ஒரு தாய், கோண்டாவில்

பதில்: வேண்டாம். ‘3 ஆனது 5 ஆகிவிட்டது, கூடியது 2 பங்கு, ஆகவே ஒரு பங்கு 300’ என்பதே அவர் படித்த வழி; விடையான 900, 1500 சரிதான். அதே வழியை இரண்டாவது கணக்கில் வைத்தால் அக்காவின் பங்கு அசையாமல் நிற்க, தம்பியின் பங்கு 5இலிருந்து 4 ஆகிறது; அதாவது 600 ரூபா வாங்கிய பிள்ளையின் காசு குறைந்துவிட்டதாம்!

இருவருக்கும் ஒரே தொகையைக் கொடுக்கும்போது அவர்களுக்கிடையிலான வித்தியாசம் மாறாது. முதற் கணக்கில் அது முன்னும் பின்னும் 2 பங்காக இருந்ததால் பங்கின் அளவும் மாறவில்லை. இரண்டாவதில் 2 பங்கு 1 பங்காகிறது, எனவே பங்கே பெருத்துவிட்டது. 3:4 என்பதை 6:8 என எழுதி வித்தியாசத்தைச் சமப்படுத்தினால் 3 ஆனது 6 ஆகும். 3 பங்கு 600 ரூபா, ஒரு பங்கு 200. ஆனால் ஒருவருக்கு மட்டும் காசு கொடுத்தாலோ, ஒருவர் மற்றவருக்குக் கொடுத்தாலோ வித்தியாசமே மாறிவிடுவதால் இந்தத் திருத்தமும் பயன்படாது.

எப்போதும் கைகொடுப்பது சமன்பாடுதான். தொடக்கத்தில் ஒரு பங்கு ‘க’ ரூபா எனக் கொண்டால் தொகைகள் 3க, 5க; (3க + 600)/(5க + 600) = 3/4. குறுக்கே பெருக்க 12க + 2400 = 15க + 1800, ஆகவே க = 200. பல பிள்ளைகள் இதையே விடையென எழுதிவிட்டு எழும்புகிறார்கள். கேட்கப்பட்டவை 600, 1000 அல்லவா?

பரீட்சை நெருங்கியதும் சந்திக்குச் சந்தி சுவரொட்டி ஒட்டி, ‘முப்பது விநாடியில் விடை’ என்று கருத்தரங்கு விற்பவர்கள், அந்த வழி எந்த இடத்தில் பொருந்தாது என்று சொல்வதில்லை. சாதாரண தரப் பரீட்சையின் இரண்டாம் கணித வினாத்தாளில் படிமுறைக்கும் புள்ளி உண்டு என்பது தெரிந்திருந்தும், பாடத்திட்டத்தை ஓடி முடிக்கும் அவசரத்தில் பள்ளிக்கூடங்களும் விடையை மட்டும் பார்த்துச் சரி போடுவது எரிச்சலூட்டுகிறது. ‘க’ எதைக் குறிக்கிறது என்பதை முதல் வரியில் எழுதவும், கிடைத்த தொகைகளுடன் 600ஐக் கூட்டி 1200:1600 என்பது 3:4 ஆகிறதா என்று பார்க்கவும் மகளைப் பழக்குங்கள். அதற்கு வீட்டு மேசையே போதும்.