அம்மாவின் கட்டிலைத் திருப்பிப் போடுங்கள்

இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா மூன்று வாரமாக விட்டத்தையே வெறித்துக்கொண்டு கிடக்கிறார், பேச்சே குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் நீங்கள் அந்தக் கட்டிலில் பத்து நிமிடம் படுத்துப் பாருங்கள். டியூப்லைட் கண்ணைக் கூசுகிறதா? அணைத்துவிட்டு, தலைமாட்டுக்குப் பின்னால் சிறு விளக்கு வையுங்கள்.

பின்லாந்தில் 1933-இல் திறந்த பைமியோ காசநோய் மருத்துவமனையை கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோ இப்படித்தான், படுத்திருப்பவரின் கண்ணால் பார்த்து வடிவமைத்தார். அறையின் மேற்கூரைக்குப் பச்சை வண்ணம். கைகழுவும் தொட்டியில் விழும் தண்ணீர்கூடப் பக்கத்துக் கட்டில்காரரை எழுப்பாதபடி சரிவு. அந்தத் தொட்டியை நினைத்தாலே எனக்கு நெஞ்சு நெகிழும்.

கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்புங்கள். அம்மா எழாமலே மரம் தெரியவேண்டும். 1984-இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவைக்குப் பின் மரம் பார்த்துப் படுத்திருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள்.