பருவுக்குத் தந்த டாக்சிசைக்ளினைக் காய்ச்சலுக்கும் எழுதுவார்களா?

"தம்பியின் முகப்பருவுக்குக் கொடுத்த டாக்சிசைக்ளினையே அப்பாவின் உண்ணிக் காய்ச்சலுக்கும் எழுதியிருக்கிறார்கள். மருத்துவர் மாற்றி எழுதிவிட்டாரோ?" என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றி எழுதவில்லை. மருந்துக்கடையில் நிற்கும் எனக்குப் பழகிய சந்தேகம்தான் இது.

பாக்டீரியாவுக்குள் புரதம் தயாராகும் இடம் ரைபோசோம். இந்த மருந்து அங்கே ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்திவிடும். எல்லா பாக்டீரியாவிடமும் ரைபோசோம் உண்டு என்பதால் எலிக்காய்ச்சல், காலரா, கிளமிடியா என்று பல நோய்களுக்கு உதவுகிறது. மலேரியா வராமல் தடுக்கவும் தருகிறார்கள். பருவில் கிருமியோடு வீக்கத்தையும் தணிக்கும். டெங்கு போன்ற வைரஸ் காய்ச்சலை ஒன்றும் செய்யாது.

டாக்சிசைக்ளின் சேர்ந்த டெட்ராசைக்ளின் என்னும் மருந்துக் குடும்பத்தின் மூத்த பிள்ளை, 1948-இல் வந்த ஆரியோமைசின். அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் பெஞ்சமின் டக்கர் அதைக் கண்டெடுத்தபோது அங்கே ஆராய்ச்சியைத் தலைமையேற்று நடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். நம் ஊரில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

உண்ணிக் காய்ச்சல் எங்கள் வீட்டுக்கும் வந்தது. அம்மாவுக்குக் காய்ச்சல் என்றதும் கடையிலிருந்து நானே அமாக்ஸிசிலின் எடுத்துக் கொடுத்தேன். தொழில் தெரிந்தவன் என்ற திமிர். நான்கு நாளாகியும் இறங்கவில்லை. இந்தக் கிருமி நம் செல்லுக்குள் புகுந்து வாழ்வது. அமாக்ஸிசிலின் போன்ற பெனிசிலின் வகை மருந்துகள் அதனிடம் எடுபடாது. மருத்துவர் அம்மாவின் புடவைக் கட்டைச் சற்றுத் தளர்த்திப் பார்க்கச் சொன்னார். இடுப்பு மடிப்பில், பீடியால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு, உண்ணி கடித்த அடையாளம். வலிக்காததால் அம்மாவே கவனிக்கவில்லை. டாக்சிசைக்ளின் எழுதினார்: 100 மில்லிகிராம், காலையும் இரவும். மறுநாள் மாலை காய்ச்சல் விட்டு, ரசம் சோறு கேட்டார்.

உங்கள் அப்பா மாத்திரையை எப்படி விழுங்குகிறார் என்று பாருங்கள். ஒருமுறை நான் ஒரு மிடறு தண்ணீரோடு இதைப் போட்டுக்கொண்டு உடனே படுத்துவிட்டேன். உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிட்டது. மூன்று நாள் எச்சில் விழுங்கினாலே நெஞ்சு எரிந்தது. ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்கட்டும். வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டுக்குப் பின் போடலாம். இரும்புச்சத்து மாத்திரையும் அமிலம் குறைக்கும் திரவ மருந்தும் இதை உடம்பில் சேரவிடாது. அவற்றைச் சில மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். வெயிலில் தோல் சட்டென்று சிவந்துபோகும், குடை வேண்டும்.

மிச்சமிருக்கும் அட்டையை வீட்டிலுள்ள கர்ப்பிணிக்கோ சிறு குழந்தைக்கோ நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். வளரும் பற்களில் கறை படியலாம். இரண்டு நாளாகியும் அப்பாவுக்குக் காய்ச்சல் விடவில்லை, அல்லது மூச்சு வாங்குகிறது என்றால் கடைக்கு வராதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள்.