நள்ளிரவில் திருச்சி விமான நிலையத்தில் இறங்கினால், கானாடுகாத்தானில் உள்ள தங்குமிடத்துக்கு எப்படிப் போவது?

சிங்கப்பூரிலிருந்து வயதான அப்பா அம்மாவோடு ஒரு கல்யாணத்துக்கு வருகிறீர்கள், விமானம் இரவு 12.20-க்குத் திருச்சியில் இறங்குகிறது, காரைக்குடிக்குப் பக்கத்துச் செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டில் அறை போட்டிருக்கிறீர்கள். பேருந்தா, டாக்சியா, இல்லை திருச்சியிலேயே தங்கிவிடலாமா என்பது கேள்வி.

பெரியவர்கள் கூட வருவதால் கார்தான். ஆனால் காருக்குப் பேசும் முன், அறை போட்ட வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். "ராத்திரி மூன்று, மூன்றரைக்கு வந்து சேருவோம், கதவைத் திறக்க யார் இருப்பார்கள்?" என்று கேளுங்கள். நான் காரைக்குடிக்காரன், வெளிநாட்டு உறவுகளை இந்த வழியில் அழைத்து வருவது எங்கள் வீட்டில் வழக்கமாக நடக்கிற வேலை. ஆட்கள் திண்டாடுவது பெரும்பாலும் வாசலுக்கு வந்து சேர்ந்த பிறகுதான்.

காரணம் வீடுகளின் அமைப்பு. செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பல ஒரு தெருவில் முகப்பு வைத்து, வளவு (நடு முற்றப் பகுதி), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நீண்டு, அடுத்த தெருவில் பின்வாசலோடு முடியும். கைப்பேசி வரைபடம் இதில் எந்தத் தெருவில் கொண்டுபோய் நிறுத்தும் என்று சொல்ல முடியாது. எங்கள் சொந்தத்தில் மலேசியாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் பள்ளத்தூரில் இப்படித்தான் மாட்டிக்கொண்டது. பின்வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிக்கிறார்கள், கதவைத் தட்டுகிறார்கள், சத்தமே இல்லை. அதே நேரம் முகப்பில் விளக்கைப் போட்டுக்கொண்டு காவல்காரர் திண்ணையில் விழித்தே உட்கார்ந்திருக்கிறார். நடுவில் அவ்வளவு நீள வீடு, சத்தம் எப்படிக் கேட்கும்? காலை நீட்ட முடியாமல் அந்தப் பாட்டி காருக்குள்ளேயே இருந்தார். நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான்.

அதனால் முன்பதிவு எண் மட்டும் போதாது, அதை எடுப்பவர் சென்னையில் உட்கார்ந்திருக்கலாம். அன்று இரவு வீட்டில் படுக்கும் ஆளின் கைப்பேசி எண்ணை வாங்குங்கள். முகப்பு வாசலில் நின்று இருப்பிடத்தை அனுப்பச் சொல்லுங்கள். கானாடுகாத்தான் அரண்மனை என்றால் இந்தப் பக்கத்து டிரைவர் எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்து எத்தனையாவது தெரு, எந்தக் கை என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் தெருவில் வழி கேட்க ஒரு ஆள் கிடைக்க மாட்டார்.

அடுத்தது தேதி. 15-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி 12.20-க்கு இறங்கும் விமானத்துக்கு "15-ஆம் தேதி ராத்திரி வருகிறோம்" என்று சொன்னால், டிரைவர் ஒரு நாள் தள்ளி வந்து நிற்பார். "செவ்வாய் விடிந்தால் புதன்" என்று நம் பாட்டிகள் சொல்வதுபோலச் சொல்லுங்கள், கூடவே விமான எண்ணையும் அனுப்புங்கள், தாமதத்தை அவரே பார்த்துக்கொள்வார். அறைக்கும் இதே கணக்குதான். 15-ஆம் தேதி விடியற்காலை மூன்று மணிக்குப் போய்ப் படுக்க வேண்டுமென்றால் 14-ஆம் தேதி இரவிலிருந்து அறை போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பகல் 12 மணி வரை திண்ணைதான்.

சரி, கார். விமான நிலையத்தில் டாக்சி கிடைக்கும். என் யோசனை, தங்கும் வீட்டுக்காரர்களிடமே சொல்லிக் காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்து வண்டியை வரவழைப்பது. திருச்சியிலிருந்து காரைக்குடி ஏறக்குறைய 90 கிலோமீட்டர், கானாடுகாத்தான் அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடும். திருச்சி வண்டியானாலும் இங்கிருந்து வரும் வண்டியானாலும் ஒரு பக்கம் காலியாகத்தான் ஓடும், அதனால் போகவர இரண்டுக்கும் சேர்த்தே வாடகை கேட்பார்கள். காசு கிட்டத்தட்ட ஒன்று என்னும்போது, எந்த வாசலில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்த டிரைவர் வருவது மேல். வழியில் இரண்டு சுங்கச்சாவடி உண்டு. டோல், டிரைவர் பேட்டா, காத்திருப்பு எல்லாம் சேர்த்தா, தனியா என்று முன்கூட்டியே வாட்ஸ்ஆப்பில் எழுத்தாகவே வாங்கிவிடுங்கள். குடிநுழைவு, பெட்டி, சுங்கம் எல்லாம் முடிந்து வெளியே வர ஒரு மணி நேரம் ஆகலாம். செயலியில் பதிவு செய்யும் வண்டிகளை நகருக்குள் போக நம்பலாம், நடு ராத்திரியில் இவ்வளவு தூரத்துக்கு நம்பிக் கிளம்ப வேண்டாம்.

சிங்கப்பூர் சிம்மோடு வருவதால் ஒன்று கவனியுங்கள். இங்கே வைஃபை கேட்டால் ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும் என்பார்கள், யூபிஐயும் எல்லோருக்கும் இருக்காது. ரோமிங்கைப் போட்டுக்கொண்டு, கையில் ரூபாயும் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதை நேர் பாதை. விமான நிலையமே புதுக்கோட்டை சாலையில்தான் இருக்கிறது. மாத்தூர், கீரனூர், புதுக்கோட்டை, திருமயம், அப்புறம் பிரதான சாலையை விட்டு ஊருக்குள் திரும்ப வேண்டும். இரண்டு மணி நேரம் என்று வையுங்கள். விரட்டச் சொல்லாதீர்கள், மழைக்காலத்தில் மாடுகள் தார்ச்சாலையிலேயே படுத்துக் கிடக்கும். புதுக்கோட்டையில் ஒரு டீக்கு நிறுத்தச் சொல்லுங்கள். புறவழிச்சாலையில் போனால் கடை தட்டுப்படாமலே போய்விடலாம், அதனால் ஊருக்குள் போகும்படி முதலிலேயே சொல்லிவிடுங்கள். டிரைவர் இறங்கி முகம் கழுவி டீ குடிக்கட்டும், அம்மாவுக்கும் காலாறும். முன் இருக்கையில் நீங்கள் உட்கார்ந்து அவரோடு பேசிக்கொண்டே வாருங்கள். மூன்று மணி வாக்கில் கண் சொக்குவது யாருக்கும் சகஜம்.

கதவு திறக்க ஆள் இல்லை, அல்லது பதில் மழுப்பலாக வருகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், திருச்சியில் தங்கிவிடுங்கள். விமான நிலையத்திலிருந்து மத்தியப் பேருந்து நிலையப் பக்கம் ஆறேழு கிலோமீட்டர்தான், அங்கே விடுதிகள் நிறைய. அந்த நேரத்தில் வரவேற்பில் ஆள் இருப்பாரா என்று அங்கும் முன்பே கேட்டுச் சொல்லி வையுங்கள். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குக் கிளம்பினால் பத்து, பத்தரைக்கெல்லாம் கானாடுகாத்தான். திருமயம் கோட்டையையும் வெளிச்சத்தில் பார்த்தபடி வரலாம். அப்பாவுக்கு எழுபதைத் தாண்டியிருந்தால் எதையும் விசாரிக்காமல் இதையே செய்யச் சொல்வேன்.

இதே கேள்வியோடு தனியாக ஒரு பையை மாட்டிக்கொண்டு வரும் இளைஞர்களும் படிப்பார்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். சென்னையிலிருந்து ராமேஸ்வரம் போகும் இரவு ரயில்கள் திருச்சி வழியாகக் காரைக்குடிக்கு வருகின்றன. நேரம் ஒத்துவந்தால் திருச்சி ஜங்ஷனுக்கு ஆட்டோ பிடித்து ஏறலாம். பேருந்து என்றால் 2025-இல் திறந்த பஞ்சப்பூர் முனையத்துக்குப் போய் விசாரியுங்கள். நேரடி வண்டி இல்லாவிட்டால் புதுக்கோட்டை போய் மாற வேண்டும். எதில் வந்தாலும் காரைக்குடியில் இறங்குங்கள், ஆட்டோவுக்கு வாய்ப்பு அங்கேதான். கானாடுகாத்தான் விலக்கில் அந்நேரம் இறங்கினால், பையோடு இருட்டில் ஊர் வரை நடைதான்.

மதுரையில் இறங்கினால் தூரம் இதைவிடக் கூடுதல், மேலூர், திருப்பத்தூர் வழி. அங்கே வண்டிக்குச் சொல்லும்போது காரைக்குடிக்கு அல்ல, அதைத் தாண்டிக் கானாடுகாத்தான் வரை என்று சொல்லியே வாடகை பேசுங்கள்.