மெசா வெர்டே பாறை வீடுகள்: கேள்வி பதில்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், மெசா வெர்டே பாறைக் குடைவுகளுக்குள் பியூப்ளோ பழங்குடி மக்களின் முன்னோர் கட்டிய பழைய ஊர்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றிருந்தேன். வந்தவற்றில் சில.

மேலே மேட்டுநிலம் இருக்க, செங்குத்துப் பாறையில் எதற்கு வீடு?

பல நூறு வருடம் மேலேதான் இருந்தார்கள். சுமார் 1190க்கு அப்புறம்தான் குடைவுகளுக்குள் இறங்கினார்கள். எதிரி பயமும் இருந்திருக்கலாம், ஆனால் என்னைக் கேட்டால் தண்ணீரையும் வெயிலையும் விட்டுவிட முடியாது. மணற்பாறை மழையையும் பனிநீரையும் உறிஞ்சிக்கொள்ளும், அடியில் களிப்பாறை தடுத்ததும் அந்த நீர் குடைவின் பின்சுவரில் கசியும். குடைவுகளில் மிகப் பெரிய ஊரான கிளிஃப் பேலஸ் தென்மேற்கு பார்த்தது. குளிர்காலத்துத் தாழ்ந்த வெயில் உள்ளே விழும், கோடையில் பாறையே கூரை.

அண்ணா, அது அரண்மனையா?

இல்லை தம்பி, அந்தப் பெயர் பிற்காலத்தார் வைத்தது. சுமார் 150 அறை, 23 கிவா, நூறு பேர் அளவில் குடியிருப்பு. கல்லைக் கல்லாலேயே கொத்தி, மண்ணும் சாம்பலும் குழைத்த சாந்தில் அடுக்கி, இடுக்குகளில் சில்லுக்கல் திணித்திருக்கிறார்கள். அந்தச் சாந்தில் கட்டியவர்களின் விரல்தடம் இன்றும் இருக்கிறது.

கிவா என்றால்? நிலத்தடியில் தீ மூட்டினால் மூச்சு முட்டாதா?

சடங்குக்கும் கூடி உட்காரவும் தோண்டிய வட்ட அறை. கூரையில் ஒரே துளை, ஏணி இறங்குவதும் அதில்தான், புகை வெளியேறுவதும் அதில்தான். புகை மேலே போகப் போக, பக்கத்தில் தனியாக விட்ட குழாய் போன்ற வழியில் புதுக்காற்று உள்ளே வரும். அது நேரே நெருப்பின் மேல் வீசாமல் நடுவில் ஒரு கல்பலகையோ குட்டைச் சுவரோ நிற்கும். காற்று அதில் மோதிப் பிரிந்து அறை முழுக்கச் சுற்றும். எனக்கு அங்கே மிகவும் பிடித்தது இதுதான். தரையில் சின்னக் குழி ஒன்றும் உண்டு, மனிதர்கள் கீழுலகிலிருந்து வந்த வாசலின் அடையாளம்.

சாப்பாடு?

மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி. வயல் மேலே, பாறையில் வெட்டிய கைகால் குழிகளைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். சோளத்தை மணற்கல்லில் அரைத்ததால் மாவோடு மணலும் சேர்ந்து பல் தேய்ந்துபோனது. வான்கோழி வளர்த்தார்கள், இறகை யூக்கா என்ற செடியின் நாரில் சுற்றிப் போர்வை செய்தார்கள்.

திடீரென்று மறைந்துவிட்டார்களாமே?

மறையவே இல்லை. 1276 முதல் 1299 வரை கடும் வறட்சி, மரவளையங்களில் பதிவாகியிருக்கிறது. 1300 வாக்கில் ஊரை விட்டுத் தெற்கே போனார்கள். ஹோப்பி, சூனி, ரியோ கிராண்டே ஆற்றுப் பக்கத்துப் பியூப்ளோ மக்கள் எல்லாம் அவர்கள் வழி வந்தவர்கள்தான். அந்த முன்னோரை அனசாசி என்று எழுதாதீர்கள், அது நவஹோ என்ற வேறொரு பழங்குடியினர் வைத்த பெயர், பியூப்ளோ மக்களுக்குப் பிடிக்காது. பியூப்ளோ ஊர்களில் இன்றும் ஏணி வழியாகக் கிவாவுக்குள் இறங்குகிறார்கள்.