பேப்பர்லயே போட்டிருக்கான்

அன்புள்ள ஐயா,

மதுரையில் வசிக்கிறேன். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சென்ற வாரம் எங்கள் பகுதி நூலகத்தில் மாலை ஆறு மணிக்கு ஒரு கூட்டம். ‘செய்தி ஊடகங்களை இன்னும் நம்பலாமா?’ என்று தலைப்பு. பேசியவர் பல வருஷம் பத்திரிகையில் இருந்தவர். நன்றாகவே பேசினார். வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள், அச்சில் வரும் செய்தியை நிருபர், உதவி ஆசிரியர், ஆசிரியர் என்று மூன்று பேராவது பார்த்திருப்பார்கள், நாலு பேப்பரை ஒப்பிட்டுப் படியுங்கள் என்றார்.

கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். “எல்லாப் பயலும் வெலைபோயிட்டான் சார். காசு குடுக்கிறவனுக்கு எழுதுறான். இதுல பேப்பர் என்ன, போன் என்ன?” என்றார். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். பேச்சாளர் முகம் வாடிவிட்டது. “எல்லாரும் அப்படி இல்லீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் ஏன் கைதட்டினேன் என்று உறுத்திக்கொண்டே இருந்தது. 31 வருஷமாக ஒரே பேப்பர் வாங்குகிறேன். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு அந்த ஒன்றைப் படித்து முடிப்பதே எனக்குப் பெரிய வேலை. நாலு பேப்பருக்கு எங்கே போவது? மகன், “எதுக்கும்மா அதை இன்னும் வாங்குறீங்க?” என்கிறான். எதையும் நம்பாமல் இருப்பதுதான் விவரமா? பேப்பரை நிறுத்திவிடலாமா?

எஸ்.
மதுரை

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். பேச்சாளர் சொன்னதைவிட அந்தக் கைதட்டல்தான் மனதில் தங்கிவிட்டது. தட்டிவிட்டு உறுத்தியது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த உறுத்தலைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

நான் வளர்ந்த ஊரில் டீக்கடைக்கு ஒரு பேப்பர்தான் வரும். தாள் தாளாகப் பிரிந்து ஆளுக்கு ஒரு பக்கமாகப் போகும். எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். எந்தத் தகராறு வந்தாலும் “பேப்பர்லயே போட்டிருக்கான்யா” என்று ஒருவர் சொன்னால் பேச்சு அதோடு முடிந்துவிடும். எதை வைத்துப் போட்டான், யார் சொல்லிப் போட்டான் என்று யாரும் கேட்டதில்லை. இன்று உங்கள் அரங்கத்தில் “எல்லாப் பயலும் வெலைபோயிட்டான்” என்றதும் பேச்சு முடிந்துவிட்டது. அங்கேயும் யாரும் எதையும் கேட்கவில்லை. அப்படியே நம்புவதும் ஒட்டுமொத்தமாகத் தள்ளுவதும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன. இரண்டுக்கும் பேப்பரைப் படிக்க வேண்டியதே இல்லை.

பின்வரிசைக்காரர் சொன்னதில் உண்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2009ல் மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தல் நடந்தது. அன்றைய முதல்வர் அசோக் சவானைப் புகழ்ந்து ஒன்றோடொன்று போட்டி போடும் மராத்தி நாளிதழ்களில் எழுத்து மாறாமல் ஒரே கட்டுரை வந்தது. பக்கம் பக்கமாக அவரைப் பற்றிய செய்திகள் வந்தன. நாளிதழ் விளம்பரத்துக்குச் செலவு என்று அவர் தேர்தல் கணக்கில் காட்டிய தொகை 5,379 ரூபாய். 2014ல் தேர்தல் ஆணையம் அந்தக் கணக்கு சரியில்லை என்றது. அதே வருஷம் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் உத்தரவை ரத்து செய்துவிட்டது. உத்தரப் பிரதேசத்தில் பிசௌலி தொகுதி எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவ், 2007 தேர்தலில் நாளிதழ்களில் செய்தி வேடத்தில் வந்த விளம்பரத்துக்கான 21,250 ரூபாயைக் கணக்கில் காட்டவில்லை என்று 2011ல் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். இப்படித் தகுதி இழந்த முதல் எம்.எல்.ஏ. அவர்தான்.

இதைவிட எனக்கு வலித்தது அடுத்து நடந்தது. காசுக்குச் செய்தி போடுவதை விசாரிக்க இந்தியப் பத்திரிகை கவுன்சில் பரஞ்சய் குஹா தாகுர்தா, கே. ஸ்ரீனிவாஸ் ரெட்டி என்ற இரண்டு பத்திரிகையாளர்களை நியமித்தது. அவர்கள் 2010ல் 71 பக்க அறிக்கை கொடுத்தார்கள். எந்தெந்தப் பத்திரிகை மீது என்ன புகார் என்று பெயரோடு எழுதியிருந்தார்கள். கவுன்சில் அதை வெளியிடவில்லை. பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டுச் சில பக்கங்களுக்குச் சுருக்கி வெளியிட்டது. மத்திய தகவல் ஆணையம் 2011ல் உத்தரவு போட்ட பிறகுதான் கவுன்சில் முழு அறிக்கையை வெளியிட்டது. காவலுக்கு வைத்த அமைப்பே கதவைச் சாத்திக்கொண்டால் ஜனங்கள் கைதட்டாமல் என்ன செய்வார்கள்?

ஆனால் இதெல்லாம் நமக்கு எப்படித் தெரிந்தது? அந்த மராத்திப் பக்கங்களை வரிசையாக வைத்து ஒப்பிட்டு எழுதியவர் பி. சாய்நாத், ஒரு பத்திரிகையாளர். எழுதியது ஒரு நாளிதழில். அறிக்கையில் பெயர்களை எழுதிய இருவரும் பத்திரிகையாளர்கள். விலைபோகாத சிலர் உட்கார்ந்து தோண்டி எடுத்துக் கொடுத்ததை வைத்துக்கொண்டுதான் ‘எல்லாரும் விலைபோய்விட்டார்கள்’ என்று நாம் சொல்கிறோம். அந்தக் கைதட்டலில் இவர்களும் அடிபட்டுப் போகிறார்கள். காசு கொடுத்துச் செய்தி போட்டவருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. எல்லாரும் பொய்யர்கள் என்று ஆகிவிட்டால் அவருடைய பொய்யை யார் தனியாகக் காட்ட முடியும்? உங்களுக்கு உறுத்தியது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

2023 மார்ச் மாதம் உங்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வடக்கே வீடியோக்கள் பரவின. பீகார் சட்டமன்றம் வரைக்கும் விஷயம் போனது. போனில் மட்டும் வரவில்லை, அச்சிலும் வந்தது. இந்தி நாளிதழ் ஒன்றின் ஆசிரியர் மீது திருப்பூரில் வழக்குப் பதிவானது. டி.ஜி.பி.யாக இருந்த சைலேந்திர பாபு விளக்கம் சொன்னார்: பரவிய வீடியோக்களில் ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களின் இரண்டு கோஷ்டிகளுக்குள் நடந்த சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை, இரண்டுமே பழையவை. வேறு மாநிலத்துக் கொலைக் காட்சிகளும் தமிழ்நாட்டில் நடந்ததாகச் சுற்றின. அந்த வருஷம் ஹோலி மார்ச் 8ஆம் தேதி. பண்டிகைக்கு ஊருக்குப் போக ரயில் நிலையத்தில் கூடிய கூட்டத்தைக் காட்டி, உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள் என்றார்கள்.

பீகாரில் ஒரு கிராமத்தில், மகனைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு இருக்கும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். அவருக்கு ‘எல்லா ஊடகமும் பொய்’ என்ற விவரம் எந்த உதவியும் செய்யாது. மகன் இருக்கும் தெருவில் என்ன நடந்தது என்று நேரில் போய்ப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் அவருக்கு வேண்டும். அந்த வீடியோக்களின் காட்சிகளை ஒவ்வொன்றாகத் தேடி, இது இன்ன ஊரில் இன்ன நாளில் எடுத்தது என்று கண்டுபிடித்துச் சொன்னார்கள் சிலர். பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகளும் நேரில் வந்து தொழிலாளர்களிடம் பேசினார்கள். பொய் அப்படித்தான் அடங்கியது. வீடியோக்களைப் பரப்பிய யூடியூபர் ஒருவரைத் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் உங்கள் மதுரைச் சிறையில் வைத்தார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. பொய்ச் செய்திக்கு அந்தச் சட்டத்தை எடுப்பவர்கள் நாளை மெய்ச் செய்திக்கும் எடுப்பார்கள்.

இப்போது என்னுடைய ஒரு தவறைச் சொல்ல வேண்டும். இளவயதில் தென்மாவட்ட நகரம் ஒன்றில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் வேலை பார்த்தேன். ஒரு ராத்திரி, லஞ்சம் வாங்கிய கிராம நிர்வாக அலுவலர் கைது என்று பகுதி நேர நிருபர் போனில் செய்தி கொடுத்தார். அந்தத் தாலுகாவில் அதே பெயரில் இரண்டு வி.ஏ.ஓ.க்கள் இருந்தார்கள். ஊரை மாற்றி எழுதிவிட்டேன். யாரும் சரிபார்க்கவில்லை. உங்கள் பேச்சாளர் சொன்ன மூன்று பேரும் அந்த அலுவலகத்திலும் இருந்தார்கள். அன்று மூன்று பேரும் பார்த்தது மணியை. காலையில் முதல் பக்கத்தில், சம்பந்தமே இல்லாத மனிதர் லஞ்சம் வாங்கிக் கைதாகியிருந்தார்.

அவர் மச்சானோடு அலுவலகத்துக்கு வந்தார். கையில் நாலாக மடித்த பேப்பர். சத்தம் போடவில்லை, நஷ்டஈடு கேட்கவில்லை. “மொதப் பக்கத்துல போட்டீங்க. அதே எடத்துல, நான் இல்லைன்னு போட்டுருங்க சார், போதும்” என்றார். செய்தி ஆசிரியர் பார்க்கலாம் என்றார். மறுநாளும் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார். நாலாம் நாள் எட்டாம் பக்கத்தில், தங்கம் விலைக்குக் கீழே இரண்டு வரி வந்தது: ‘சமீபத்தில் வெளியான செய்தி ஒன்றில் ஊரின் பெயர் தவறாக இடம்பெற்றுவிட்டது. வருந்துகிறோம்.’ எந்தச் செய்தி, எந்த ஊர், யார் குற்றமற்றவர் என்று ஒன்றும் இல்லை. சொன்னபடி அதை எழுதிக் கொடுத்தவன் நான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பிறகு வரவில்லை. அவருடைய ஊர் டீக்கடையிலும் யாராவது “பேப்பர்லயே போட்டிருக்கான்” என்று சொல்லியிருப்பார்கள். அந்த இரண்டு வரியை யாரும் உரக்கப் படித்திருக்க மாட்டார்கள்.

அன்றிலிருந்து ஒரு பத்திரிகையை எடைபோட எனக்கு வேறு தராசு இல்லை. தவறு எல்லாரும் செய்வார்கள். ராத்திரிக்குள் பக்கம் முடிக்கிற தொழிலில் தவறு வராமல் இருக்காது. வந்த தவறை எங்கே, எந்த அளவில், எவ்வளவு தெளிவாக ஒப்புக்கொள்கிறார்கள் என்பதைத்தான் பார்க்கிறேன். 2006ல் ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ் கே. நாராயணனை வாசகர்களுக்கான ஆசிரியராக நியமித்தது. ஆசிரியர் குழுவுக்கு வெளியே நின்று, வாசகர்களின் புகாரை விசாரித்து, தவறு இருந்தால் அச்சிலேயே சொல்கிற பொறுப்பு. அந்தத் திருத்தங்களைத் தொடர்ந்து படித்தேன். ஒரு பெயர் தவறு, ஒரு வருஷம் தவறு, படத்துக்குக் கீழே ஆள் மாறிவிட்டது என்று எல்லாம் சின்னச் சின்னதாகத்தான் இருக்கும். தன் தவறைத் தானே இப்படி எண்ணிச் சொல்கிறவர்களின் பெரிய செய்தியையும் கொஞ்சம் நம்பலாம் என்று தோன்றும். உங்கள் கூட்டத்தின் பேச்சாளர் ‘திரும்ப வாருங்கள், நம்புங்கள்’ என்று உங்களிடம் கேட்டிருக்கிறார். தங்கள் தவறுகளை என்ன செய்தோம் என்று அவர் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லியிருந்தால் பின்வரிசைக்காரருக்குக் கைதட்டல் குறைந்திருக்கும்.

நாலு பேப்பர் உங்களுக்கு வேண்டாம். கண் இருக்கும் நிலையில் ஒன்று போதும். அந்த ஒன்றை வேறு மாதிரி படித்துப் பாருங்கள். தமிழ்ச் செய்தி நடையில் ஒரு பழக்கம் உண்டு. ‘கூறப்படுகிறது’, ‘சொல்லப்படுகிறது’, ‘தெரிகிறது’, ‘தகவல்கள் வெளியாகியுள்ளன’. இந்தச் சொற்களில் சொன்னவர் மறைந்துகொள்வார். ஒவ்வொரு ‘-ப்படுகிறது’ வரும்போதும் ‘யார் சொன்னது?’ என்று மனதுக்குள் கேளுங்கள். எஸ்.பி. சொன்னாரா, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரா, நிருபரே பார்த்தாரா, யாரும் சொல்லவில்லையா? ஒரு வாரம் இப்படிப் படித்தால் எந்தப் பக்கத்தில் ஆள் போய்ப் பார்த்து எழுதுகிறார்கள், எந்தப் பக்கத்தில் உட்கார்ந்த இடத்தில் எழுதுகிறார்கள் என்று உங்களுக்கே பிடிபட்டுவிடும். ஒரே பேப்பரில் உள்ளூர்ப் பக்கத்தை நம்பலாம், அரசியல் பக்கத்தைச் சந்தேகிக்கலாம். மொத்தமாக ஏற்கவோ தள்ளவோ தேவையில்லை. பக்கத்தின் மூலையில் பொடி எழுத்தில் ‘விளம்பரம்’ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் கண்ணுக்குச் சிரமம்தான், அப்படிச் சிரமமாக இருக்கட்டும் என்றுதான் அதைப் பொடியாகப் போடுகிறார்கள்.

பேப்பரை நிறுத்தாதீர்கள். நீங்கள் கொடுக்கும் காசு அந்தத் தாளின் செலவுக்கே போதாது, மீதி விளம்பரத்திலிருந்து வருகிறது என்பது உண்மை. வாசகர் ஒவ்வொருவராக விலகிப் போனால் விளம்பரம் கொடுப்பவர் மட்டுமே மிஞ்சுவார். பிறகு அது அவருடைய பேப்பர்.

மதுரைச் செய்தியில் ஒரு தெருப் பெயரோ ஓர் ஆள் பெயரோ தவறாக வந்தால், உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தால், ஆசிரியருக்கு ஒரு தபால் கார்டு போடுங்கள். தேதி, பக்க எண், சரியான விவரம், இவ்வளவு போதும். 31 வருஷ வாசகர் என்றும் எழுதுங்கள். திருத்தம் வருகிறதா, எந்தப் பக்கத்தில் வருகிறது என்று ஒரு மாதம் பாருங்கள். வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.